ரோஷன் பீவி சந்தேகப்பட்ட அரிசி

1908 செப்டம்பர் 14. தாயத்து. 2 வெள்ளி 50 காசு.
1909 பிப்ரவரி 3. ஓதிய தண்ணீர், லெப்பைக்குக் கொடுத்தது. 5 வெள்ளி.
1909 ஜூலை 22. மூவாரிலிருந்து வந்த மலாய் மந்திரவாதி, படகுக்கூலி உட்பட. 11 வெள்ளி 20 காசு.
1910 மார்ச் 30. நாகூருக்கு நேர்ச்சைப் பணம். 20 வெள்ளி.
1911 மே 8. இரும்புச் சங்கிலி, பூட்டு. 1 வெள்ளி 40 காசு.
1912 ஆகஸ்ட் 12. சியாம் வெள்ளரிசி, முதல் தரம், ஒரு மூட்டை. 9 வெள்ளி.

ஷரீஃபுதீனுக்குச் சித்தம் கலங்கிய நாளிலிருந்து அவன் வீட்டார் செய்த செலவுகள் இவை. முதல் ஐந்தையும் அவன் அக்காள் ரோஷன் பீவி ஏற்றுக்கொண்டாள். ஆறாவதைத்தான் அவள் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பது அவளுக்குப் புதிதும் அல்ல. மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் 1871-இல் பிறந்த அந்தப் பெண், தன் நிழலையே நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்ட பிறகுதான் கூட நடக்க விடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். மீன்காரன் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பாள். பினாங்கு போன கணவன் காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று 1899-இல் செய்தி வந்தபோது, அழுவதற்கு முன்னால் அவள் கேட்டது, "யார் பார்த்தது?" என்பதுதான். கப்பலேறிப் போய், கபுறைக் கண்ணால் கண்டு, அதைத் தோண்டியவனையும் விசாரித்த பிறகே வெள்ளைப் புடவை உடுத்தினாள். பிள்ளைகள் இல்லை. வாப்பா விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பி வந்து, கலியாணமாகாத தம்பி ஷரீஃபுதீனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு இருந்தாள். இருவரும் காக்கா என்று அழைத்த அண்ணன் அப்துல் ஹமீதுக்கு ஜாலான் பெண்டஹாராத் தெருவில் அரிசிக்கடை. அவர் மனைவி ரஹீமாவோடு தெங்கேராவில் குடியிருந்தார்.

ஷரீஃபுதீன் அண்ணன் கடையில்தான் அரிசி அளந்துகொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளினால் ரங்கூனா சியாமா என்று சொல்லிவிடுவான். 1908-இல் ஒரு நாள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிக் கூலியாட்கள் பேசுவதாகச் சொன்னான். அடுத்த மாதம் வீட்டு உத்தரமும் பேசியது. பிறகு யாரோ ஒருவன் அவனுடைய தாடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினான். தெங்கேராக் கடலில் கழுத்தளவு தண்ணீருக்குப் போனவனை மீனவர்கள் இழுத்து வந்த பிறகு, இடது காலில் சங்கிலி ஏறியது. கட்டிலிலிருந்து கிணற்றடி வரைக்கும் எட்டும் நீளம். ரோஷன் பீவி வெளியே போகும்போது மட்டும் பூட்டுவது என்று தொடங்கி, பிறகு எப்போதும் பூட்டுவது என்றாகிவிட்டது.

அந்த வீட்டில் வாப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவார்கள். சஹன் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டு. 1912 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஷரீஃபுதீன் குழம்பும் சோறுமாக வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"ஆனத்துல கலந்துட்டாங்க."

"யாருடா?"

"கலந்தவங்களுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து நிறமுள்ள எதையும் அவன் தொடவில்லை. மஞ்சள், மிளகாய், பருப்பு, மீன், கீரை எல்லாவற்றிலும் நஞ்சு. வீட்டில் எல்லோரும் தின்கிற புழுங்கல் அரிசியிலும் நஞ்சு, ஏனென்றால் அது பழுப்பு, அதில் வாடை வேறு. வெள்ளையாக இருந்தால் தின்பான், அதுவும் தனித் தட்டில். ஹமீது யோசிக்கவே இல்லை. கடையிலேயே உசத்தியான சியாம் அரிசி, ஆலையில் மூன்று முறை தீட்டி முத்துப்போல் பளபளப்பது, அதில் ஒரு மூட்டை அனுப்பினார். தம்பிக்குக் குறை வைத்தான் என்று நாளைக்கு ஒரு நாக்கு அசையக் கூடாது. ரோஷன் பீவி அந்த அரிசியைக் கழுநீர் கண்ணாடிபோல் தெளியும்வரை கழுவினாள். தெளியாவிட்டால் அவன் தின்னமாட்டான். கழுநீர் வேலிக்கு அந்தப் பக்கம், நாகம்மாவின் வாத்துகளுக்குப் போனது.

நவம்பரில் ஒரு காலை அவன் கட்டிலில் உட்கார்ந்து பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லாத்தா, இது என் காலில்ல."

"பின்னே யார் காலு?"

"தெரியல. மாத்திட்டாங்க. மிதிச்சா தரை தெரியல."

"உத்தரம் பேசுது, தாடையில ஆள் இருக்கான், இப்ப காலும் போச்சா? எந்திரிச்சு முகம் கழுவு."

அவன் எழுந்தான். கோழி சேற்றில் நடப்பதுபோல் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தான். இதுவும் ஒரு கோலம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவனைக் குளிப்பாட்டிவிட்டுச் சங்கிலியை மாட்டப் பார்த்தாள். வளையம் எளிதில் சேரவில்லை. இறுக்கிப் பூட்டியபோது தோல் பிதுங்கியது. ரோஷன் பீவிக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். யாரோ சங்கிலியை மாற்றிவிட்டார்கள். சாவி இருப்பது இரண்டு பேரிடம். ஒன்று தன் இடுப்பில். வெள்ளிக்கிழமை ஹமீது வந்ததும் கேட்டாள்.

"காக்கா, சங்கிலியை மாத்தினீங்களா?"

"சங்கிலி என்ன தங்கமா, மாத்துறதுக்கு?"

"வளையம் சின்னதா இருக்கு."

ஹமீது குனிந்து பார்த்தார். வாங்கின அன்று அடையாளத்துக்கு அரத்தால் அவர் போட்ட கீறல் அப்படியே இருந்தது. "வளையம் அதேதான். காலுதான் பெருத்திருக்கு. சதை போட்டிருக்கான்ல! என் அரிசி அப்படி." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சி அவளை உறுத்தியது. தம்பியின் விலா எலும்புகளை அவள் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள். அவை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. கன்னம் ஒட்டிவிட்டது. சதை காலில் மட்டுமா போடும்?

வேலிக்கு அந்தப் பக்கத்து நாகம்மா செட்டிக் கம்பம் என்கிற கிராமத்துக்காரி. சாமி பெயரெல்லாம் தமிழில் சொல்வாள், பேச்செல்லாம் மலாயில். வாத்துகளுக்குக் கழுநீர் வாங்க வந்தவள் மூட்டையை எட்டிப் பார்த்து, "பெராஸ் புத்தே! அபாங் மாக்கான் தடாக்?" என்றாள். இந்த வெள்ளை அரிசியை உன் அண்ணன் தின்கிறானா இல்லையா என்று கேட்டாள். பிறகு கழுநீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய வாத்துகள் அந்த வருஷம் நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தன.

கேள்வி மட்டும் போகவில்லை. உண்மைதானே? ஹமீது புழுங்கல் தின்கிறார். ரஹீமா புழுங்கல் தின்கிறாள். நானும் புழுங்கல்தான். விலை கூடின அரிசி அவன் ஒருவனுக்கு மட்டும் ஏன்? அவன் மவுத்தானால் வாப்பாவின் வீட்டில் அவனுடைய பங்கில் பெரும்பகுதி யாருக்குப் போகும்? ஒரு முறை கேட்ட பிறகு அந்தக் கேள்விகள் அவளோடு உறங்கி அவளோடு எழுந்தன. அரிசியை முறத்தில் பரப்பி வெயிலில் பார்த்தாள். முகர்ந்தாள். வாடையே இல்லை. வாடையில்லாத அரிசி எங்கேயாவது உண்டா?

டிசம்பர் 16, திங்கட்கிழமை, கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனாள்.

"இந்த அரிசியை நீங்க தின்னுவீங்களா?"

ஹமீது தராசிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தார். "எனக்கு எதுக்கு? வெள்ளரிசி தின்னா எனக்கு ஒத்துக்காது. நமக்குப் புழுங்கல்தான்."

"உனக்கு ஒத்துக்காததை அவனுக்கு ஏன் குடுத்த?"

பிறந்ததிலிருந்து அவரை 'நீங்க' என்று அழைத்தவள். கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என்னடி பேசுற?"

"அவன் தேய்ஞ்சுக்கிட்டு வர்றான். காலு வீங்கிக் கிடக்கு. இதுல என்னத்தக் கலந்த?"

யாரோ ஒரு கிழவர், "பீவி, வீட்டுல போய்ப் பேசுங்க" என்றார். ஹமீது தராசிலிருந்து கையை எடுத்தார். "என் கடையில, என் அரிசியில, நானா?" என்றார். பிறகு, "அல்லா மேல ஆணையா, இனி உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன். ஒரு மணி அரிசி என் கடையிலேர்ந்து உனக்கு வராது."

ஆணையிட்டால் மட்டும் நம்பிவிட வேண்டுமா? அவள் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். தம்பிக்கு வைத்தியம் கேட்க அல்ல. அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொண்டு போலீசுக்குப் போக.

வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டிரெசர் என்கிற மருத்துவ உதவியாளர் பொன்னையா, யாழ்ப்பாணத்துக்காரர். கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தார். நாலு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"யா அல்லாஹ்!"

"நஞ்செண்டால் இப்ப நான் விழவேணும். இருங்கோ, பாப்பம்."

ரோஷன் பீவி உண்மையிலேயே இருந்தாள். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏழெட்டுப் பேருக்கு மருந்து ஊற்றிக் கொடுத்து முடிக்கும்வரை விழவில்லை.

"சரி அம்மா, நான் சாகேல்லை. ஆர் இதைச் சாப்பிடுறது?"

"தம்பி. கொஞ்சம் புத்தி சரியில்லாதவன்."

"வேறை என்ன சாப்பிடுறவர்?"

"வேற ஒண்ணும் தொட மாட்டான்."

"ஒண்டுமே? எவ்வளவு காலமா?" அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "நடக்கேக்கை காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறவரோ?"

அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். இவனுக்கு எப்படித் தெரியும்? ஹமீது முந்திக்கொண்டு ஆள் அனுப்பிவிட்டாரா? "அவனை இங்க கொண்டாரச் சொல்றீங்களா? கொண்டாந்தா சிங்கப்பூருக்குக் கப்பலேத்திடுவீங்க. எனக்குத் தெரியும்."

பைத்தியக்காரர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள், அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது காஜா பெராங்கில் எல்லோரும் சொல்வது. அவளுடைய பயமெல்லாம் அதுதான். உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் தன் கண்ணெதிரில் இருக்க வேண்டும்.

"அப்ப நான் வாறன்" என்றார் பொன்னையா.

மறுநாள் வந்தார். சங்கிலியைப் பார்த்தார். பாயில் உட்கார்ந்து ஷரீஃபுதீனின் கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கெண்டைச் சதையைப் பிடித்தபோது அவன் அலறினான். முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் துள்ளவில்லை. ஊசி முனையால் பாதத்தைத் தொட்டார், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் மாறிப்போச்செண்டு சொன்னவராமே?"

"மாத்திட்டாங்க" என்றான் ஷரீஃபுதீன், சண்டைக்குத் தயாரான குரலில்.

"நீங்கள் சொல்லுறது சரி. தரை தெரியாத காலை ஆர் தன்ரை காலெண்டு சொல்லுவினம்?"

நாலு வருஷத்தில் அவனிடம் "சரி" என்று சொன்ன முதல் ஆள் அவர். ஷரீஃபுதீன் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகு தானாகவே வாயைத் திறந்து காட்டினான். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் வேர்வரை சொத்தை, ஈறில் சீழ். சங்கிலி வளையத்துக்கு அடியில் ஒரு புண். இடுப்பைச் சுற்றிச் சிரங்கு.

"இதெல்லாம் பாத்தனீங்களோ அம்மா?"

"தாடையில ஆள் இருக்கான்னுதானே சொன்னான். பல்லுவலின்னு சொல்லலையே."

"பைத்தியமெண்டால் பல்லு வலிக்காதோ?"

அவள் குனிந்து தம்பியின் வாய்க்குள் பார்த்தாள்.

காலில் இருப்பது பெரிபெரி என்றார் அவர். தீட்டித் தீட்டி வெள்ளையாக்கின அரிசியை மட்டும் தின்கிறவர்களுக்கு வருவது. நெல்லை அவித்துக் குத்துகிற புழுங்கலில் வருவதில்லை. இதைப் பற்றி டாக்டர்மார் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

"அப்ப அரிசிதான். நான் சொன்னேன்ல? அரிசியில இருக்கு!"

"அரிசியில ஒண்டும் இல்லை. அதுதான் வருத்தமே. இருக்கவேண்டியது இல்லை. தீட்டினதில பாதி போச்சு, நீங்கள் கழுவினதில மிச்சமும் போச்சு."

"இல்லாத ஒண்ணு எப்படிக் கொல்லும்?"

"பட்டினி எப்பிடிக் கொல்லுது?"

அவர் போன பிறகு ரோஷன் பீவி வெகுநேரம் கிணற்றடியிலேயே நின்றாள். நஞ்சு என்றால் அதற்கு ஒரு கை இருக்கும், அந்தக் கையைப் பிடித்துவிடலாம். இதில் யார் கையைப் பிடிப்பது? கழுவிய கை அவளுடையதாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொன்னையா வேறொரு செய்தியோடு வந்தார். பெரிய டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. சங்கிலி அவிழ்க்கப்பட வேண்டும். நோயாளி வீட்டில் இருக்கலாம், ஆனால் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும். அதில் குறித்த நாளில் அவனைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எடை, கால், வாய், தோல், எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் சிங்கப்பூர்.

"உங்களை நம்பி உள்ள விட்டேன். வெள்ளைக்காரன்கிட்டப் போய்ச் சொல்லிட்டீங்களே!"

"சங்கிலியைக் கண்டனான் அம்மா. கண்டதைக் காணேல்லை எண்டு சொல்ல ஏலாது." அவரே பூட்டைக் கழற்றி, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, சங்கிலியைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இனி எல்லாம் ஒரு பிடி சோற்றில் இருந்தது. புழுங்கல் அரிசியும் பாசிப்பயறும் அவன் வயிற்றுக்குள் போக வேண்டும். அவனோ பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெஞ்சினாள், அழுதாள், உம்மாவின் பெயரைச் சொன்னாள். மூன்றாம் நாள், தவிட்டைச் சலித்து, வெள்ளைச் சோற்றுக்கு அடியில் பிசைந்து வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றான். மூன்றாவதில் நாக்கு கண்டுபிடித்துவிட்டது.

"லாத்தா." குரலில் கோபமே இல்லை. "நீயுமா கலக்குற?"

அதற்குப் பிறகு அவள் கையால் தண்ணீரும் வாங்கவில்லை. தானே கிணற்றடிக்குத் தவழ்ந்து போய் இறைத்துக் குடித்தான். ஏறி இறங்கும் மூச்சு அடுக்களை வரைக்கும் கேட்டது. கலந்துவிட்டார்கள் என்று நாலு மாதமாக அவன் சொன்னதெல்லாம் பொய். இந்த ஒரு முறை மெய். செய்தது அவள்.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். "யார் தின்னா நீ தின்னுவ? சொல்லு."

அவன் நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். "காக்கா தின்னட்டும். அவன்தானே அனுப்பினான். அவன் தின்னா அப்புறம் பாக்கலாம்."

தெங்கேராவில் ரஹீமா கதவைப் பாதிதான் திறந்தாள். "என்ன மதினி, நஞ்சு பத்தலையா? இன்னும் ஒரு பொட்டலம் வேணுமா?"

"காக்காவைக் கூப்பிடு."

ஹமீது உள்ளேயிருந்தே பேசினார். "வாசலை மிதிக்க மாட்டேன்னு ஆணையிட்டிருக்கேன்."

"ஆணைக்குப் பரிகாரம் உண்டு. பத்து மிஸ்கீனுக்குச் சோறு போட்டுட்டு வாங்க." அவள் உள்ளே பார்த்து உரக்கச் சொன்னாள். "அவன் சாகப் போறான் காக்கா. நீங்க முன்னால உக்காந்து தின்னாத்தான் தின்னுவேங்கிறான்."

"நஞ்சு வைக்கிறவன் தின்ன சோத்தையா?"

"நீங்க வைக்கலேன்னு எனக்கும் இன்னும் முழுசா நிச்சயமில்ல. தின்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு ஹமீது சிரிப்பது கேட்டது, அழுகை மாதிரியான ஒரு சிரிப்பு. "பாத்தியா ரஹீமா? மன்னிப்புக் கேக்க வந்தவளோட லட்சணத்தை!"

"மன்னிப்புக் கேக்க வரல. சாப்பிடக் கூப்பிட வந்தேன்."

பத்து ஏழைகளுக்கு மறுநாள் சோறு போட்டுவிட்டு, அதற்கு மறுநாள் லுஹர் தொழுகை முடிந்ததும் ஹமீது வந்தார். புழுங்கல் அரிசி மூட்டை ஒன்று வண்டியில் முன்னால் வந்தது. ரோஷன் பீவி அலமாரியிலிருந்து சஹனை இறக்கித் துலக்கி, புழுங்கல் சோற்றைக் குவித்து, பாசிப்பயற்று ஆனத்தை ஊற்றி நடுவில் வைத்தாள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

ஹமீது பிஸ்மில்லா சொல்லி ஒரு கவளம் வைத்தார். ஷரீஃபுதீன் அவருடைய தொண்டையையே பார்த்தான், இறங்குகிறதா என்று. இறங்கியது. பிறகு சஹனின் விளிம்பைப் பிடித்து அரைவட்டம் திருப்பினான். தன் முன்னால் இருந்த பக்கம் அண்ணனுக்கு முன்னால் போனது.

"இங்க."

ஹமீது தின்றார். மறுபடி கால்வட்டம் திரும்பியது.

"இங்க. நடுவுலயும். அடியிலேர்ந்து எடு."

"போலீசுல சேர வேண்டியவன்டா நீ" என்றார் ஹமீது, வாய் நிறையச் சோற்றோடு.

ரோஷன் பீவி கதவருகே நின்று அந்தக் கையையும் வாயையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தின்கிறாரா, தின்பதுபோல் கன்னத்தில் ஒதுக்குகிறாரா? விழுங்கத்தான் செய்கிறார். வியர்க்கிறதா? வெயிலில் வந்தவர், வியர்க்கத்தானே செய்யும்?

ஷரீஃபுதீன் திடீரென்று தலையைத் திருப்பினான். "லாத்தா தின்னல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவன் தின்னுட்டான். அவ தின்னல. நிக்கிறா." ஷரீஃபுதீன் அண்ணன் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "அவ மேலதான் எனக்குச் சந்தேகம்."

ஹமீது குனிந்து சோற்றைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ரோஷன் பீவிக்குக் காது சூடானது. அவள் வந்து மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்து, ஹமீது கை வைத்த இடத்திலேயே கை வைத்து எடுத்துத் தின்றாள். இரண்டு நாளாகத் தானும் ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அள்ளி அள்ளித் தின்றாள். அவள் இப்படித் தின்பதைப் பார்த்துவிட்டு ஷரீஃபுதீன், எல்லாம் தீர்ந்துவிடும் என்று பயந்தவன்போல், கையை உள்ளே விட்டான்.

அன்றிலிருந்து தினமும் மதியம் ஹமீது கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் காஜா பெராங்குக்கு நடந்து வந்தார். சஹன் திரும்பியது. சில நாள் நாலு முறை, சில நாள் ஒரு முறை. ஜனவரி கடைசியில் வீக்கம் வடிந்தது. பொன்னையா இரண்டு பல்லையும் பிடுங்கினார். தாடையில் இருந்தவன் போய்விடவில்லை. ஆனால் இடம் மாறிக் காதுக்குப் பின்னால் போய்விட்டதாக ஷரீஃபுதீன் சொன்னான். அங்கே வலிக்கவில்லை, அதனால் இராத்திரியில் தூங்கினான். கந்தகத் தைலத்தில் சிரங்கு போனது. கால் மெதுவாகத்தான் திரும்பி வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் முற்றத்தில் நின்றவன் துள்ளி, "சுடுது! மண்ணு சுடுது!" என்று கத்தினான். ரோஷன் பீவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, அவன் பாதத்தைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புத்தி திரும்பவில்லை. உத்தரம் பேசிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலங்களில் ஹமீது அவன் கையைப் பிடித்துத் தெங்கேராக் கடற்கரை வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். கடலைப் பார்த்து ஷரீஃபுதீன் ஏதேதோ பேசுவான். ஹமீது பிடியை மட்டும் விடமாட்டார்.

ரோஷன் பீவி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. மறுபடியும் 'நீங்க' என்று அழைத்தாள், அவ்வளவுதான். புது மூட்டை வந்தால் ஒரு பிடியை முறத்தில் போட்டு வெயிலில் பார்ப்பதையும் அவள் விடவில்லை. ஹமீது அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொள்வார்.

மாதாமாதம் கடிதம் வந்தது. இங்கிலீஷில் வரும். ஒவ்வொரு கடிதத்தையும் அவள் இரண்டு பேரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒருவர் விட்டுவிட்டதை மற்றவர் சொல்லிவிடலாம் அல்லவா? குறித்த நாளில் மூவரும் ஒரு மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தராசில் தம்பி ஏறும்போது அவள் கண் முள்ளின் மேல் இருக்கும், ஹமீதின் கண் அவள் மேல் இருக்கும். வாசலில் வேறு வண்டி ஏதாவது நின்றால், இது துறைமுகத்துக்குப் போகிற வண்டியா என்று வண்டிக்காரனை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பித்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் அடுத்த கடிதம் வரும்வரை அவளுக்கு உறக்கம் பிடிக்காது.

பதினோராவது மாதம் வந்த கடிதம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நீளத்தைப் பார்த்ததுமே, முடிந்தது, கப்பல்தான் என்று நினைத்தாள். அதை முதலில் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொண்டுபோனாள். அவர் படித்துச் சொன்னதை நம்பாமல் பொன்னையாவிடம் போனாள். பொன்னையா சொன்னதும் அதேதான், ஆனால் அவர் ஆஸ்பத்திரி ஆள். மூன்றாவதாக ஹமீதின் கடைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, ஹமீதை அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

மூன்று பேரும் சொன்னது ஒன்றாகத்தான் இருந்தது. ஷரீஃபுதீன் தன் சகோதரியின் பொறுப்பில் வீட்டிலேயே இருக்கலாம். இனி மாதாமாதம் கொண்டுவர வேண்டியதில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால், ஊரில் மற்ற எவரையும் போல அவனும் ஆஸ்பத்திரிக்கு வரலாம்.

"மற்ற எவரையும் போலன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கு, பீவி."

"இன்னொரு தடவை அந்த வரியை மட்டும் படிங்க."

கணக்குப்பிள்ளை படித்தார். அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே நின்ற அண்ணனைப் பார்த்து, "நேரமாச்சு, அவன் பசியோட இருப்பான், வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. கடைசியாக வந்த அந்தக் கடிதம் காஜா பெராங் வீட்டை அடைந்த நாள் 1913 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.